மாலத்தீவு, பொங்கல் லீவு, ஆறு இரவு: டிக்கெட் போடும் முன் என்ன பார்க்கணும்?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். பொங்கல் லீவில் மதுரையிலிருந்து குடும்பத்தோடு மாலத்தீவு போகலாம்னு இருக்கோம். நாலு பேர்: நான், கணவர், 9 வயசுப் பையன், 67 வயசு மாமியார். அத்தைக்கு முட்டி வலி. மெதுவாத்தான் நடப்பாங்க. சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டாங்க.

மொத்தம் ஆறு இரவு. நாலு இரவு மக்கள் குடியிருக்கிற தீவில் கெஸ்ட் ஹவுஸ், ரெண்டு இரவு தண்ணிக்கு மேல இருக்கிற வில்லா. ரிசார்ட்டுக்கு சீபிளேன்ல போகணும்ங்கிறது பையனோட ஆசை. இப்போ மலிவா ஒரு டிக்கெட் வந்திருக்கு. போகும்போது மாலேயில் சாயங்காலம் 4.20க்கு இறங்குது, திரும்பும்போது காலை 8 மணிக்குக் கிளம்புது. முதல் ரெண்டு இரவு ரிசார்ட், அப்புறம் கெஸ்ட் ஹவுஸ்னு திட்டம். இந்த டிக்கெட்டைப் போட்டுடலாமா?

இன்னும் ரெண்டு சந்தேகம். கெஸ்ட் ஹவுஸ் விலையைப் பார்த்தா ஒரு இணையதளத்தில் ஒண்ணு, இன்னொரு இணையதளத்தில் ஒண்ணு இருக்கு. எது நிஜம்? ஹனிஃபாரு வளைகுடாவில் மேன்டா திருக்கைகள் கூட்டமா சுத்துற வீடியோவைப் பையன் பார்த்துட்டான். ஜனவரியில் அதைப் பார்க்க முடியுமா?

---

டிக்கெட்மேசை எழுதியது:

அந்த டிக்கெட்டை இப்போதைக்குப் போடாதீங்க. மாலத்தீவுக்கு மட்டும் வரிசை தலைகீழ்: முதலில் தீவு, அப்புறம் அந்தத் தீவுக்குப் போற வழி, கடைசியில்தான் விமான டிக்கெட்.

காரணம் இதுதான். சீபிளேன் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். கடல் மேல இறங்கி ஏறுவதால் விமானிக்கு அலை கண்ணுக்குத் தெரிஞ்சாகணும். மாலேயில் பிற்பகல் சுமார் 3.30க்குள்ள இறங்குறவங்களைத்தான் அன்றைக்கே சீபிளேனில் ஏத்துவாங்க. 4.20க்கு இறங்கினா இமிகிரேஷன், பெட்டி எல்லாம் முடிய அஞ்சே கால் ஆகிடும். அன்றைக்கு வாய்ப்பே இல்லை. ஏர்போர்ட் பக்கத்தில் ஹுல்ஹுமாலேயில் ஒரு இரவு தங்கணும், அதுவரைக்கும் ரிசார்ட் அறை காலியாக் கிடந்தாலும் அந்த இரவுக்குப் பணம் போனது போனதுதான். ஆறு இரவில் ஒரு இரவை இப்படி விடுறது பெரிய நஷ்டம்.

திரும்பும்போதும் இதே சிக்கல் உண்டு. ரிசார்ட்டைக் கடைசியில் வெச்சா காலை 8 மணி விமானத்தைச் சீபிளேனில் வந்து பிடிக்க முடியாது. முதல் சீபிளேனே விடிஞ்சப்புறம்தான் கிளம்பும், வழியில் இன்னும் ரெண்டு மூணு ரிசார்ட்டில் இறங்கி ஆள் ஏத்திக்கிட்டு வரும். நீங்க எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு முந்தின நாள் சாயங்காலம்தான் சொல்வாங்க. சீபிளேன் வேணும்னா மாலேயில் மதியம் ஒரு மணிக்குள்ள இறங்குற விமானமும், மதியத்துக்கு மேல கிளம்புற விமானமும் தேடுங்க. மதுரையிலிருந்து வர்றவங்களுக்குச் சென்னையை விடத் திருவனந்தபுரம் வழி நல்லது. மாலேக்கு ஒண்ணேகால், ஒன்றரை மணி நேரப் பறப்புதான்.

சீபிளேன் செலவையும் கணக்கில் எடுத்துக்குங்க. போய்வர ஆளுக்கு 400 டாலருக்குக் குறைவது அபூர்வம், குழந்தைக்குப் பாதி வாக்கில் வரும். உங்களுக்கு மூணு பெரியவங்க, ஒரு பையன். ஆக 1,400 டாலர், ரெண்டே இரவுக்கு. பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ, மிஞ்சினா கிலோவுக்குக் காசு. இதே பணத்துக்கு ஏர்போர்ட்டிலிருந்து ஸ்பீட்போட்டில் போற ரிசார்ட்டில் இன்னும் நல்ல அறை கிடைக்கும். ஸ்பீட்போட் ராத்திரியிலும் ஓடும், 4.20 டிக்கெட்டும் உதவும். நாட்டின் முதல் ரிசார்ட்டான குரும்பா (1972) ஏர்போர்ட்டிலிருந்து பத்து நிமிஷம்தான். மாலே இருக்கிற காஃபு அட்டோலில் (அட்டோல்னா வளையமா அமைஞ்ச பவளத் தீவுக் கூட்டம்) அரை மணி, முக்கால் மணி தூரத்தில் நிறைய இருக்கு.

விலைக் குழப்பத்துக்கு வர்றேன். அங்கே விலைக்குப் பக்கத்தில் ரெண்டு கூட்டல் குறி (++) போட்டிருந்தா அது முழு விலை இல்லை, சேவைக் கட்டணமும் வரியும் தனின்னு எடுத்துக்குங்க. உதாரணத்துக்கு அறை 80 டாலர், ரெண்டு கூட்டல் குறி:

அறை 80
சேவைக் கட்டணம் 10 சதவீதம்: 8, ஆக 88
சுற்றுலா ஜிஎஸ்டி 17 சதவீதம், 88க்கு: 14.96, ஆக 102.96
பசுமை வரி ரெண்டு பேருக்கு: 12, ஆக 114.96

80ன்னு பார்த்தது 115ல் வந்து நிக்குது. ஜிஎஸ்டி சேவைக் கட்டணத்தின் மேலேயும் சேர்ந்து ஏறுது, கவனிங்க. 2025 ஜூலை 1 முதல்தான் 17, அதுக்கு முன்னாடி 16. பழைய பதிவுகளைப் பார்த்துக் கணக்குப் போடாதீங்க. பசுமை வரியும் 2025 ஜனவரியில் இரட்டிப்பாச்சு. குடியிருப்புத் தீவில் 50 அறை வரை உள்ள இடங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 டாலர், ரிசார்ட்டிலும் பெரிய ஹோட்டலிலும் 12. ரெண்டு வயசுக்குள்ள குழந்தைக்குத்தான் விலக்கு, உங்க பையனுக்கு வரி உண்டு. நாலு இரவு கெஸ்ட் ஹவுஸில் நாலு பேருக்கு 96, ரெண்டு இரவு ரிசார்ட்டில் நாலு பேருக்கு 96. மொத்தம் 192 டாலர் வரி மட்டும். பல தளங்கள் இதை 'தங்குமிடத்தில் செலுத்துக'ன்னு சின்ன எழுத்தில் போட்டுட்டு மேல குறைஞ்ச விலையைக் காட்டும். ஒரு தளத்துக்கும் இன்னொரு தளத்துக்கும் நடுவில் நீங்க பார்த்த வித்தியாசம் பெரும்பாலும் இதுவாத்தான் இருக்கும்.

தண்ணிக்கு மேல வில்லா எடுக்கும் முன் ரெண்டு கேள்வி எழுத்தில் கேட்டு வாங்குங்க. ஒண்ணு, அந்த வில்லாவில் எத்தனை பேர் தங்கலாம். வழக்கமா ரெண்டு பெரியவங்க, ஒரு குழந்தையோட சரி. உங்க நாலு பேருக்கு ரெண்டு வில்லா ஆகிடும். ரெண்டு, குழந்தைக்கு வயசு வரம்பு இருக்கான்னு. பல இடங்களில் மேடைக்குக் கைப்பிடி கிடையாது, கீழே கடல். அதனால சின்னப் பிள்ளைகளை அனுமதிக்க மாட்டாங்க. முட்டி வலி உள்ளவங்களுக்கும் அந்த நீள மரப்பாலம் தோதுப்படாது. கரையோர வில்லாதான் உங்களுக்குச் சரி. பாலத்தில் போய்ப் படம் எடுத்துக்கிறதை யாரும் தடுக்க மாட்டாங்க.

சாப்பாட்டுத் திட்டத்தில் காலை உணவு மட்டும்னு எடுத்துடாதீங்க. ரிசார்ட் தீவில் வேற கடை கிடையாது. ராத்திரி சாப்பாடு ஆளுக்கு 60, 80 டாலர் சர்வசாதாரணம், அதுக்கு மேலயும் வரிகள் உண்டு. மூணு வேளையும் சேர்த்தே எடுங்க. குடிதண்ணி அதில் சேர்த்தியான்னும் கேளுங்க.

---

மாலேவாசி எழுதியது:

மேலே சொன்னதில் ஒரு சேர்க்கை. சீபிளேன் ஓடாத நேரத்திலும் உள்நாட்டு விமானம் ஓடும், அது ஓடுபாதையில் இறங்குவது, இருட்டினாலும் பிரச்சனை இல்லை. தெற்கு அரி அட்டோலுக்கு மாமிகிலி, பா அட்டோலுக்கு தரவந்தூ, இப்படிப் பல ஊரில் சின்ன விமான நிலையங்கள் உண்டு. அங்கே இறங்கி ஸ்பீட்போட் ஏறலாம். தூரத்துத் தீவு என்றாலே சீபிளேன்தான் என்று நினைக்க வேண்டாம்.

குடியிருப்புத் தீவில் முதல் தடவை வருபவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று சொல்கிறேன்.

நுழைவு: இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசா வேண்டாம், சுற்றுலாவுக்கு 90 நாள் வரை இலவசம். ஆனால் 'இமுகா' என்ற பயணிகள் படிவத்தை ஆளுக்கு ஒன்று கட்டாயம் நிரப்ப வேண்டும். விமானம் ஏறும் முன் 96 மணி நேரத்துக்குள். அதற்கு முன்னால் நிரப்பினால் ஏற்காது. திரும்பும்போதும் இன்னொரு தடவை. இது முழுக்க இலவசம். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத் தளங்கள் இதே படிவத்துக்கு 40, 50 டாலர் பிடுங்குகின்றன. அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் எம்வி' என்று முடியும், அதைப் பார்த்த பிறகு பாஸ்போர்ட் படத்தை ஏற்றுங்கள். படிவம் முடிந்ததும் வரும் கியூஆர் கோடை போனில் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செக்-இன் மேசையிலேயே கேட்பார்கள். தங்குமிட முன்பதிவும் திரும்பும் டிக்கெட்டும் கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக இருந்தால் எந்த விமான நிறுவனமும் மறுக்காது.

பெட்டி: வந்திறங்கியதும் எல்லாப் பெட்டியும் எக்ஸ்ரேயில் போகும். மது, பன்றி இறைச்சி கூடாது. வழியில் வேறு ஏர்போர்ட்டில் வரியில்லாக் கடையில் வாங்கிய பாட்டிலும் கூடாது. சுங்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள், ஊருக்குத் திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். வேப் (மின் சிகரெட்) 2024 நவம்பர் முதல் தடை, சுற்றுலாப் பயணிக்கும் விலக்கு இல்லை. நம்மூர்க்காரர்கள் மறந்துவிடும் ஒன்று: வழிபாட்டுக்கான விக்கிரகங்களும் தடைப்பட்டியலில் உள்ளன. உங்கள் அத்தை கைப்பையில் பிள்ளையாரோ முருகனோ வைத்திருந்தால் அன்போடு சொல்லி வீட்டுப் பூஜையறையிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். இங்கே வந்து சுங்க மேசையில் அதை எடுத்து வைக்கச் சொன்னால் வயதானவர்களுக்கு மனசு நொந்துபோகும்.

தீவு: முட்டி வலியும் பையனும் இருப்பதால் மாலேக்குப் பக்கமாகவே பாருங்கள். மாஃபுஷிக்கு ஸ்பீட்போட்டில் 30, 40 நிமிடம், ஆளுக்கு ஒரு வழிக்கு 25, 30 டாலர். வசதியும் போட்டி விலையும் அங்கேதான், ஆனால் கூட்டம். பக்கத்திலேயே குல்ஹி சின்னது, அமைதி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம். அத்தைக்கு அதுதான் சௌகரியம். பொது ஃபெரி மிக மலிவு, மாஃபுஷிக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை பெரும்பாலான பொதுப் படகுகள் ஓடாது. இங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. வெள்ளி மதியம் தொழுகைக்குக் கடைகளும் ஓட்டல்களும் இரண்டு மணி நேரம் சாத்திவிடுவார்கள். அன்றைக்குத் தீவு மாறுவதாகத் திட்டம் போடாதீர்கள்.

படகில் முன்வரிசையில் காற்று நன்றாக வருமென்று போய் உட்கார்ந்துவிடுவார்கள். அலையில் மூக்கு தூக்கிப் 'தொப்'பென்று விழுவது அங்கேதான், முதுகும் முட்டியும் சேர்ந்து அடி வாங்கும். அத்தையைப் பின்வரிசையில், எஞ்சினுக்குப் பக்கமாக உட்கார வையுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. படகுத்துறைக்கும் படகுக்கும் நடுவே ஒரு அடி, ஒன்றரை அடி உயர வித்தியாசம் இருக்கும், கடல்மட்ட ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப மாறும். படகுப் பையன்கள் கை கொடுத்துத் தூக்கிவிடுவார்கள், கூச்சப்படாமல் கையைப் பிடிக்கச் சொல்லுங்கள். அன்றைக்குப் புடவையைவிடச் சுடிதார் நல்லது.

உடை: குடியிருப்புத் தீவில் தெருவில் தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். நீச்சலுடைக்கு 'பிகினி பீச்' என்று பலகை வைத்துத் தனியாகக் கரை ஒதுக்கியிருப்பார்கள், அதற்குள் மட்டும்.

பணம்: டாலருக்கு 15.42 ருஃபியா என்று நிலையான மாற்று. கெஸ்ட் ஹவுஸ், படகு, உல்லாசப் பயணம் எல்லாம் டாலர். டீக்கடை, மளிகைக்கு ருஃபியா. சின்னக் கடையில் டாலர் நீட்டினால் 15 என்று கணக்குப் போட்டுச் சில்லறை தருவார்கள். ஏடிஎம்மில் ருஃபியாதான் வரும், ஊருக்கு எடுத்து வந்தால் மாற்றுவது கஷ்டம். எனவே 5, 10, 20 டாலர் நோட்டுகள், கிழியாத, கிறுக்காத நோட்டுகளாகக் கொண்டு வாருங்கள். கார்டுக்குப் பல இடங்களில் 3, 4 சதவீதம் கூட்டுவார்கள், தட்டும் முன் கேளுங்கள்.

சைவச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் நீளும். பிறகு தனியாக எழுதுகிறேன்.

---

வைகைக்கரை எழுதியது:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நல்லவேளை, டிக்கெட் போடலை. சீபிளேனை விட்டுட்டு ஸ்பீட்போட்டில் போற ரிசார்ட், கரையோர வில்லான்னு முடிவு பண்ணிட்டோம். குல்ஹியில் நாலு இரவு முதலில், ரிசார்ட் கடைசி ரெண்டு இரவு. பையனுக்கு ஈடா ஒரு நாள் திமிங்கலச் சுறா காட்டலாமான்னு கணவர் கேட்கிறார். பையனுக்கு நீச்சல் குளத்தில் நல்லா நீந்தத் தெரியும். கடலில் பழக்கம் இல்லை. எனக்கு நீச்சலே தெரியாது. மேன்டா பற்றியும் யாராவது சொல்லுங்க.

---

ஆழ்கடல் எழுதியது:

ஹனிஃபாரு ஜனவரியில் கிடையாது. பையனிடம் இப்போதே சொல்லிடுங்க, அங்கே வந்து ஏமாறக் கூடாது.

ஏன்னா, மாலத்தீவில் ரெண்டு பருவம். தென்மேற்குக் காற்றுக் காலத்துக்கு ஹுல்ஹங்கு, வடகிழக்குக்கு இருவை. ஹுல்ஹங்குவில் நீரோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே போகும், நுண்ணுயிர்கள் அட்டோலோட கிழக்கு ஓரத்தில் வந்து குவியும். ஹனிஃபாரு இருப்பது பா அட்டோலின் கிழக்கு விளிம்பில், புனல் மாதிரி ஒரு வளைகுடா. இரை உள்ளே வந்து மாட்டிக்கும், மேன்டாக்கள் அதைத் தின்னக் கூட்டமா வரும். ஜூன் முதல் நவம்பர் வரைதான் இது. ஜனவரியில் எல்லாம் திரும்பிடும், மேன்டாக்கள் மேற்கு ஓரங்களுக்குப் போயிடும். அங்கே சின்ன மீன்கள் அதுங்க உடம்பைச் சுத்தப்படுத்துற பாறைகளில் ஒண்ணு ரெண்டாப் பார்க்கலாம், வீடியோவில் வர்ற கூட்டம் இருக்காது. பின்னாடி ஒரு நாள் சீசனில் போனா, அங்கே ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோட ஆழத்தில் நீந்துறது) அனுமதி இல்லைங்கிறதும் தெரிஞ்சுக்குங்க. ஸ்நார்கல் (கண்ணாடியும் மூச்சுக்குழாயும் வெச்சு மேலாக மிதந்து பார்க்கிறது) மட்டும், ஒரே நேரத்தில் 80 பேர், 45 நிமிஷம். கட்டுப்பாடு கடுமைதான். ஆனா அது இல்லைன்னா இந்நேரம் மேன்டாக்கள் அந்தப் பக்கமே வராது.

திமிங்கலச் சுறாவுக்குப் பருவம் கிடையாது, தெற்கு அரியில் வருஷம் பூரா உண்டு. ஆனா குல்ஹியிலிருந்து போனா ஸ்பீட்போட்டில் போக ரெண்டு மணி, வர ரெண்டு மணி, நடுவில் நாலஞ்சு தடவை நடுக்கடலில் குதிச்சு ஏறணும். ஒரு தடவை அது தெரிஞ்சதும் பத்துப் படகும் அங்கேயே திரும்பும், எல்லாரும் ஒரே நேரத்தில் குதிப்பாங்க. கடல் பழக்கம் இல்லாத 9 வயசுப் பையனை அந்தக் கூட்டத்தில் இறக்க நான் சொல்ல மாட்டேன். திமிங்கலச் சுறாதான் முக்கியம்னா அடுத்த தடவை தெற்கு அரியில் இருக்கிற திகுரா தீவில் தங்குங்க, சுறா இருக்கிற பாறை அங்கேயிருந்து பக்கம்.

அதுக்குப் பதிலா கரையோரப் பாறையில் ஸ்நார்கல் சொல்லிக்கொடுங்க. முதல் நாள் நெஞ்சளவுத் தண்ணியில், மணல் பகுதியில், லைஃப் ஜாக்கெட்டோட அரை மணி நேரம். மூக்கில் மூச்சு விடாம வாயால் விடுறது, குழாயில் தண்ணி ஏறினா 'ஃபூ'ன்னு ஊதி வெளியேத்துறது, இது ரெண்டும் படிஞ்சா போதும். கண்ணாடி பனி மூடாம இருக்க உள்பக்கம் எச்சில் தடவி லேசா அலசிக்கணும். குழந்தைக்குத் தனி அளவுக் கண்ணாடி வாங்கிப் போங்க. அங்கே வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பெரியவங்க அளவு. முகத்தில் வெச்சு மூக்கால் உறிஞ்சினா கைவிட்டாலும் விழாம ஒட்டி நிக்கணும், அதுதான் சரியான அளவு. முகம் பூரா மூடுற மாதிரி ஒண்ணு விக்கிறாங்க, அது வேண்டாம். பயத்தில் வேகமா மூச்சு வாங்கும்போது கழட்டத் தெரியாம திணறிடுவாங்க.

ஆபத்து அலையில் இல்லை, நீரோட்டத்தில். லகூன் (பாறை அணைச்ச ஆழமில்லாத கடல்) உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும். பாறை முடியுற இடத்தில் இளநீலம் திடீர்னு கருநீலமா மாறும், அதுதான் விளிம்பு. ரெண்டு பாறைகளுக்கு நடுவே திறப்பு இருந்தா அட்டோலுக்குள் ஏறின தண்ணி எல்லாம் அது வழியாத்தான் வெளியே ஓடும். நல்ல நீச்சல்காரனையும் இழுத்துக்கிட்டுப் போகும். இறங்கும் முன் ரெண்டு நிமிஷம் நின்னு பாருங்க. மேலே மிதக்கிற இலை, நுரை எந்தப் பக்கம் போகுதோ அதுக்கு எதிர்ப்பக்கமா நீந்த ஆரம்பிக்கணும். சோர்ந்தப்புறம் ஓட்டமே உங்களைத் திருப்பிக் கொண்டு வந்து சேர்க்கும். ஓட்டத்தோடு முதலில் போயிட்டு எதிர்த்து வரப் பார்க்கிறவங்கதான் மாட்டிக்கிறாங்க. மாட்டினா கரையைப் பார்த்து மல்லுக்கட்டாம ஓட்டத்துக்குக் குறுக்கே நீந்தி அதிலிருந்து வெளியே வரணும். முடியலைன்னா மல்லாந்து மிதந்து கையைத் தூக்கிக் காட்டணும். எப்பவும் ஜோடியாத்தான் இறங்கணும். உங்களுக்கு நீச்சல் தெரியாதுன்னா ஜாக்கெட்டோட, வழிகாட்டி கையில் மிதவை வளையத்தைப் பிடிச்சுக்கிட்டு வரலாம், பலர் அப்படித்தான் பார்க்கிறாங்க.

பாறைன்னு நாம சொல்றது பவளம், உயிர். 1998, 2016, 2024ன்னு கடல் சூடேறி மூணு தடவை பெரிசா வெளுத்துப்போச்சு. இன்னைக்கு நிக்கிறதெல்லாம் அதிலிருந்து தப்பினதும், புதுசா முளைச்சதும். ஒரு தடவை ஃபின்னை (காலில் மாட்டுற நீச்சல் துடுப்பு) ஊன்றி நின்னா பத்து வருஷ வளர்ச்சி நொறுங்கும். கண்ணாடி சரிபண்ண நிக்கணும்னா மணலுக்கு வந்துடுங்க. சன் கிரீம் அப்பிக்கிறதுக்குப் பதில் முழுக்கை நீச்சல் சட்டை போட்டுவிடுங்க. ஸ்நார்கலில் வெயில் பூரா முதுகிலும் முட்டிக்குப் பின்னாடியும்தான் விழும், ஒரே நாளில் தோல் உரியும். சங்கு, பவளத்துண்டு எதையும் பையில் போட வேண்டாம். கரையில் ஒதுங்கினது ஆனாலும் எடுத்துக்கிட்டு வந்தா ஏர்போர்ட்டில் பிடிப்பாங்க.

'சுறாவோடு படம்' பயணங்களில் மீன் துண்டு போட்டு நர்ஸ் சுறாவைக் கூப்பிடுறாங்களான்னு முன்னாடியே கேளுங்க. ஆமான்னா அதை விட்டுடுங்க. இரை போடும்போது அதுங்க கைக்கும் மீனுக்கும் வித்தியாசம் பார்க்காது.

---

டிக்கெட்மேசை எழுதியது:

நல்ல முடிவு. வரிசையை மட்டும் ஒரு தடவை பார்த்துக்குங்க.

முதலில் ரிசார்ட்டிலும் கெஸ்ட் ஹவுஸிலும் 'வரி, சேவை, பசுமை வரி, படகு எல்லாம் சேர்த்து நாலு பேருக்கு மொத்தம் எவ்வளவு'ன்னு மெயிலில் ஒரே எண்ணாக் கேட்டு வாங்குங்க. அறை உறுதியானதும், படகு நேரத்தைத் தெரிஞ்சுக்கிட்டு விமான டிக்கெட். இப்போ உங்களுக்கு 4.20 விமானமும் ஒத்துவரும், ஆனா குல்ஹிக்கு அன்றைய கடைசிப் பொது ஸ்பீட்போட் எத்தனை மணிக்குன்னு கெஸ்ட் ஹவுஸில் கேட்டுட்டுப் போடுங்க. அதைத் தவறவிட்டா தனிப் படகுதான், அது ஆள் கணக்கு இல்லை, படகுக் கணக்கு. பல மடங்கு ஆகிடும்.

காலை 8 மணி திரும்பும் விமானம் ஸ்பீட்போட் ரிசார்ட்டிலிருந்து முடியும். ஆனா விடிகாலை 4.30க்கு அத்தையை எழுப்பணும், அன்றைய காலைச் சாப்பாடும் போச்சு. மதிய விமானத்துக்கு ஆயிரம் ரெண்டாயிரம் கூட ஆனாலும் அதை எடுங்க. இன்னொண்ணு: மாலத்தீவு நேரம் நம்ம நேரத்துக்கு அரை மணி பின்னாடி. சில ரிசார்ட்டுகள் மாலே நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னாடி தன் கடிகாரத்தை வெச்சிருக்கும், சூரியன் மறையுறதைப் பார்க்க இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கட்டும்னு. படகு 9க்குன்னு சொன்னா 'மாலே நேரமா, தீவு நேரமா'ன்னு கேளுங்க.

டிக்கெட் விலையில் மாலேயிலிருந்து கிளம்புறதுக்கு எகானமியில் ஆளுக்கு 100 டாலர் அரசு வரி ஏற்கெனவே சேர்ந்திருக்கும். 2024 டிசம்பரிலிருந்து கூட்டினது. ஏர்போர்ட்டில் தனியா யாரும் கேட்கக் கூடாது.

பொங்கலுக்கு அறை விலை உச்சத்தில்தான் இருக்கும், வறண்ட பருவம் அது. ஆனா கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்குக் கட்டாய விருந்துன்னு ரிசார்ட்டில் தலைக்கு வாங்குவாங்க, அந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை.

பயணக் காப்பீட்டில் ஸ்நார்கலும், படகில் அல்லது விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோற செலவும் சேர்த்தியான்னு பாருங்க. தீவில் சுகாதார நிலையம் இருக்கும், பெரிசா எதுவும்னா மாலேயில் இந்திரா காந்தி நினைவு மருத்துவமனைக்குத்தான் வரணும். அத்தையோட மாத்திரைகள் மருந்துச்சீட்டோட, கடையில் கொடுத்த அட்டையிலேயே, கைப்பையில் இருக்கட்டும்.

---

மாலேவாசி எழுதியது:

சைவம் பற்றிச் சொல்லாமல் விட்டது.

இங்கே சூரை மீன் உப்பு மாதிரி. நம்மூர் மாசிக் கருவாடு என்கிறோமே, அதன் ஊர் இதுதான். 'மஸ்' என்றால் இந்த ஊர் மொழியான திவேஹியில் மீன். அதனால் பார்வைக்குச் சைவமாகத் தெரிவதெல்லாம் சைவம் அல்ல. டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் 'ஹெதிகா' என்று பலகாரங்கள் அடுக்கியிருப்பார்கள். முக்கோணமாகச் சமோசா மாதிரி இருக்கும் 'பஜியா'வுக்குள் சூரை. உருண்டையாகப் போண்டா மாதிரி இருக்கும் 'குல்ஹா'வுக்குள்ளும் சூரை. தேங்காய்த் துருவலும் வெங்காயமுமாகத் தட்டில் வரும் 'மஸ் ஹுனி'யிலும் அதேதான். தேங்காய்க்கு நடுவே தவிட்டு நிறத்தில் பொடிப்பொடியாக இருப்பது மீன். 'இது வெஜிடபிளா' என்று கேட்டால் காய்கறி இருக்கிறது என்ற அர்த்தத்தில் ஆமாம் என்பார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. கேள்வியை மாற்றுங்கள்: 'மஸ் இருக்கா, முட்டை இருக்கா, மீன் வறுத்த எண்ணெயா' என்று ஒவ்வொன்றாக.

கெஸ்ட் ஹவுஸுக்கு முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள்: மீன் இல்லை, மாசி இல்லை, முட்டை இல்லை, தனிச் சட்டி. காலையில் 'ரோஷி' (நம் சப்பாத்திதான், சற்று மெல்லியது) சுடச்சுடப் போட்டுத் தருவார்கள். அதற்குத் தேங்காய், வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சை பிசைந்து, மீன் சேர்க்காமல் தரச் சொன்னால் அத்தைக்கு நன்றாகவே பிடிக்கும். மதியம் சோறு, பருப்புக் கறி. சமையலறையில் இந்தியர், இலங்கையர், வங்கதேசத்தவர் யாராவது இருப்பது சகஜம், ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் ரசம்கூடக் கிடைக்கும். காய்கறி பெரும்பாலும் கப்பலிலும் விமானத்திலும் வருவதுதான், அதனால் விலை கூடுதல், சில நாள் கீரை, தக்காளி தீர்ந்துபோகும். தொட்டூ தீவில் விளையும் பப்பாளியும் தர்பூசணியும் மட்டும் தாராளம், தினமும் வாங்குங்கள்.

அறையில் மின்கெட்டில் இருக்கும். வெந்நீர் ஊற்றினால் ஆகும் ரவா உப்புமா, அவல் கலவை நான்கைந்து பாக்கெட், புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப்பொடி கொஞ்சம் கொண்டு வந்தால் அத்தைக்குக் கவலையில்லை. கடையில் சீல் வைத்த பாக்கெட்டாக இருந்தால் எக்ஸ்ரேயில் நிறுத்திக் கேட்கும் தொந்தரவு குறைவு.

கெட்டில் இருந்தாலும் போன் சார்ஜருக்கு இது தேவை: இங்கே சுவரில் மூன்று பட்டைக் கால் உள்ள இங்கிலீஷ் பிளக் துளைதான் பெரும்பாலும். நம்மூர் உருண்டைக் கால் பிளக் நுழையாது. மின்னழுத்தம் அதேதான் என்பதால் மாற்றுமுனை மட்டும் போதும். மதுரையிலேயே இரண்டு வாங்கிவிடுங்கள், தீவுக் கடையில் பல நாள் இருப்பு இருக்காது.